முதலில் நிமிர்ந்தவர்

நான் நான்காம் வகுப்பில் இருந்தபோது எங்கள் வகுப்பறைக்குள் கொஞ்ச காலம் ஜப்பான் இருந்தது. பிரெஞ்சுக்காரர்கள் புதுச்சேரியை விட்டுப் போய் இரண்டு மூன்று வருஷம் ஆகியிருக்கும். ஒரு தேசம் போவதையும் இன்னொரு தேசம் வருவதையும் எங்கள் ஊர் அப்போதுதான் பார்த்து முடித்திருந்தது. அதனாலோ என்னவோ, மூன்றாவதாக ஒன்று வந்ததை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. நான் எடுத்துக்கொண்டேன்.

ஜப்பானைக் கொண்டுவந்தவர் எங்கள் டீச்சர். அவருடைய அண்ணன் சரக்குக் கப்பலில் வேலை பார்த்தார். ஒருமுறை அவர் அனுப்பிய பெட்டியில் ஒரு விசிறி, ஒரு படக்காலண்டர், ஜப்பான் வீடுகளில் எப்படி இருப்பார்கள், எப்படிச் சாப்பிடுவார்கள் என்று படம் போட்டுக் காட்டும் ஒரு புத்தகம் எல்லாம் வந்தன. வேறு யாராக இருந்தாலும் அவற்றை அலமாரியில் கண்ணாடிக்குப் பின்னால் வைத்துப் பூட்டியிருப்பார்கள். டீச்சர் பள்ளிக்கூடத்துக்குத் தூக்கிவந்துவிட்டார்.

"படிச்சா மறந்துடுவீங்க. செஞ்சு பாத்துடுவோம்" என்றார்.

முதலில் கொக்கு செய்தோம். பிரெஞ்சுக்காரர் காலத்துக் கட்டம் போட்ட நோட்டுகள் பள்ளிக்கூடத்து மூலையில் குவிந்து கிடந்தன. அவற்றைச் சதுரமாகக் கிழித்து மடித்தோம். யாரோ ஒரு பெண் எப்போதோ எழுதிய பிரெஞ்சு வாய்ப்பாடு ஒரு கொக்கின் இறக்கையில் வந்து நின்றது. இன்னொன்றின் கழுத்தில் சிவப்பு மையில் வாத்தியார் போட்ட சுழி. கத்தரிக்கோல் இல்லை, பசை இல்லை. மடித்துக்கொண்டே போனால் கடைசியில் ஒரு பறவை உட்கார்ந்திருக்கிறது. நான் அதைக் கையில் வைத்துக்கொண்டு மூச்சை மெதுவாக விட்டது நினைவிருக்கிறது. வேகமாக விட்டால் பறந்துவிடும் என்று பயம்.

அப்புறம் குச்சிகளால் சாப்பிடப் பழகினோம். மூங்கிலைச் சீவி டீச்சரே குச்சிகள் செய்துவந்தார். மல்லாட்டை என்று எங்கள் பக்கம் சொல்லும் வேர்க்கடலையை வறுத்துத் தட்டில் போட்டு, குச்சியால் எடுத்துத் தின்னச் சொன்னார். பாதி வகுப்பு கையால் தின்றது. மீதி வகுப்பு பட்டினி கிடந்தது. ஜப்பான்காரர்கள் ஒல்லியாக இருப்பதன் காரணம் இதுதான் என்று வக்கீல் வீட்டுப் பெண் சொன்னாள். டீச்சரும் சிரித்துவிட்டார்.

ஒருநாள் காலண்டரைப் புரட்டி ஒரு படத்தைக் காட்டினார். படிப்படியாகச் சிவப்புத் துணி விரித்து, மேல் படியில் ராஜாவும் ராணியும், கீழே பணிப்பெண்கள், பாட்டுக்காரர்கள் என்று பொம்மைகள். வகுப்பே கத்தியது. "டீச்சர், கொலு!" பெண்குழந்தைகள் நன்றாக இருக்கவேண்டும் என்று வீட்டுக்கு வீடு வைப்பார்களாம். எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. கடலுக்கு அந்தப் பக்கம், பெயர் கூடச் சரியாகச் சொல்ல வராத ஓர் ஊரில், என்னைப் போல ஒருத்தி படிக்கு முன்னால் உட்கார்ந்து எந்தப் பொம்மையை எங்கே வைப்பது என்று அம்மாவோடு சண்டை போட்டுக்கொண்டிருப்பாள். உலகம் பெரியது என்று அதுவரை கேட்டிருக்கிறேன். அதற்குள் ஆட்கள் இருக்கிறார்கள் என்பது அன்றுதான் தெரிந்தது.

ஆனால் எல்லாவற்றையும் விட எனக்குப் பிடித்தது வணக்கம்.

"கையெடுத்துக் கும்புட மாட்டாங்களா டீச்சர்?"

"மாட்டாங்க. கையை உடம்போட ஒட்டி வெச்சிக்கிட்டு இடுப்புலேர்ந்து குனிவாங்க."

"எவ்ளோ நேரம்?"

"எதிர்ல இருக்கவங்க நிமிர்ற வரைக்கும். விருந்தாளிக்கு முன்னாடி நாம நிமிர்ந்துட்டா அது மரியாதை இல்ல."

"அவங்களும் நாம நிமிரட்டும்னு இருந்தா?"

"இருக்க வேண்டியதுதான்."

"அப்ப சோறு யாரு டீச்சர் ஆக்குறது?" என்று பின்வரிசையில் ஒருத்தி கேட்டாள்.

டீச்சர் அதை ஆட்டமாக்கிவிட்டார். இரண்டிரண்டு பேராக எதிரெதிரே நின்று குனியவேண்டும். முதலில் நிமிர்கிறவள் தோற்றவள். நான் பிறவியிலேயே கூச்சக்காரி. யாராவது பெயர் கேட்டால் கால் கட்டைவிரலைப் பார்ப்பேன். தலையைத் தூக்கு, முகத்தைப் பார்த்துப் பேசு என்று வீட்டிலும் பள்ளியிலும் திட்டு வாங்கியே வளர்ந்தவள். குனிந்த தலையை நிமிர்த்தாமல் இருந்தால் கைதட்டுகிற ஒரு தேசம் இருப்பது எனக்கு அற்புதமாகப் பட்டது. வக்கீல் வீட்டுப் பெண் உட்பட ஒருத்தியாலும் என்னை ஜெயிக்க முடியவில்லை.

கடைசியில் பெஞ்சுகளை வெளியே தள்ளிவிட்டு ஒரு ஜப்பான் வீடே கட்டினோம். தரை முழுக்கக் கோரைப்பாய். மூங்கில் சட்டத்தில் காற்றாடிக் காகிதம் ஒட்டிச் சுவர்களும் கதவும். பெண்கள் கொண்டுவந்த மரப்பாச்சிகள் காகிதச் சட்டை போட்டுக்கொண்டு ராஜா ராணியாகச் சிவப்புத் துணிமேல் நின்றன. அப்பா வேலை பார்த்த மில்லிலிருந்து நான் வாங்கி வந்த கழிவுப் பஞ்சுக்கு ரோஜா நிறச் சாயம் ஏற்றி, காய்ந்த கிளையில் ஒட்டி ஜப்பான் பூமரம் செய்தோம். காலை வெயில் அந்தக் காகிதச் சுவரில் பட்டதும் பாய் முழுக்கப் பால் ஊற்றியதுபோல் ஆயிற்று. தினமும் வாய்ப்பாடு ஒப்பித்த அறை அது. யாரும் சொல்லாமலே எல்லோரும் குரலைத் தாழ்த்திக்கொண்டோம்.

வாசலில் நின்று விருந்தாளிகளை வரவேற்கும் வேலை எனக்கு என்று டீச்சர் சொன்னார். அதுவரை என்னை எந்த வேலைக்கும் யாரும் தேர்ந்தெடுத்ததில்லை. கூடவே ஒரு நிபந்தனை. விழாவன்று ஒவ்வொருத்தியும் வீட்டிலிருந்து ஒருவரை அழைத்து வரவேண்டும். வாசலில் நிற்பவளின் விருந்தாளிதான் முதலில் உள்ளே நுழையவேண்டும்.

"உங்க ஊட்லேர்ந்து யாரும் வரலன்னா நான்தான் வாசல்ல நிப்பேன். எங்கப்பா கோட்டு போட்டுக்கிட்டு வராரு" என்றாள் வக்கீல் வீட்டுப் பெண்.

அப்பாவுக்குப் பகல் ஷிப்டு. அம்மா தம்பியைப் பெற்று இன்னும் வாசல்படி தாண்டாதிருந்தாள். மீதி இருந்தவர் பெரியப்பா. அவரைக் கூப்பிட எனக்குப் பயம்.

பெரியப்பா அடுத்த தெருவில் இருந்தார். பிரெஞ்சுப் பட்டாளத்தில் சைகோனில் பல வருஷம் இருந்துவிட்டு, சண்டை முடிந்தபின் திரும்பி வந்தவர். அப்படிப் பென்ஷன் வாங்குகிறவர்களை எங்கள் ஊரில் சொல்தா என்பார்கள். நேருக்கு நேர் கூப்பிடும்போது 'முசே'. வெள்ளைக் கால்சராய், தொப்பி, பளபளக்கும் பூட்ஸ். தென்னைமரம் நடந்துவருவதுபோல் வருவார். சாமி ஊர்வலம் வந்தால் தொப்பியைக் கழற்றி நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு நேராக நிற்பார். அந்த முதுகு வளைந்து யாரும் பார்த்ததில்லை. வாசல் நிலை தாழ்வாக இருக்கும் வீடுகளுக்குள் போகவே மாட்டார். வாசலில் நின்றபடியே துக்கம் கூட விசாரித்துவிட்டு வந்துவிடுவார். திமிர் என்று தெரு சொன்னது. எங்கள் ஜப்பான் வீட்டு வாசலோ எங்கள் உயரத்துக்குக் கட்டியது.

சாயங்காலம் போனேன். பெரியப்பா நாற்காலியில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். பெரியம்மா உள்ளே மிளகு இடித்துக்கொண்டிருந்தாள்.

"என்னாம்மா?"

"ஸ்கூல்ல விழா பெரியப்பா. ஊட்லேர்ந்து ஒருத்தர் வரணுமாம்."

"என்னா விழா?"

"ஜப்பான் விழா."

பேப்பர் கொஞ்சம் கீழே இறங்கியது. "என்னா சொல்லித் தர்றாங்க அதுல?"

"காயிதத்துல கொக்கு. குச்சியால சாப்புடறது. அப்புறம் குனிஞ்சி வணக்கம் சொல்றது."

"எப்படி?"

செய்து காட்டினேன். நான் நிமிர்ந்து பார்த்தபோது அவர் என்னைப் பார்க்கவில்லை, சன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

உள்ளே உலக்கைச் சத்தம் நின்றிருந்தது. "அவரெல்லாம் வரமாட்டாருடி" என்று பெரியம்மா அங்கிருந்தே சொன்னாள். "உங்கப்பன ஒரு நாளு லீவு போடச் சொல்லு."

நான் அழுகையை அடக்கிக்கொண்டு வாசல்வரை வந்துவிட்டேன்.

"எத்தினி மணிக்கு?" என்றார் பெரியப்பா.

விழாவன்று அம்மாவின் பழைய பட்டுப் புடவையை இரண்டாக மடித்து எனக்குச் சுற்றி, இடுப்பில் அகலமான காகிதப் பட்டை கட்டிவிட்டார் டீச்சர். வக்கீல் வீட்டுப் பெண் அதே மாதிரி ஒரு பட்டையைத் தயாராகக் கட்டிக்கொண்டு என் பக்கத்திலேயே நின்றாள். கோட்டுப் போட்ட அவள் அப்பா வந்துவிட்டார். இன்னும் பல அம்மாக்கள், ஒரு மாமா. மணி அடித்தது. பெரியப்பாவைக் காணோம்.

"கழட்டித் தரியா?" என்று அவள் என் தலையில் இருந்த பஞ்சுப் பூவைக் காட்டிக் கேட்டபோதுதான் வராந்தா முனையில் பூட்ஸ் சத்தம் கேட்டது.

வந்தவர் பாயின் ஓரத்தில் நின்றார். அவராகவே பூட்ஸைக் கழற்றி, இரண்டையும் ஒட்டி, முனை வெளிப்பக்கம் பார்க்கத் திருப்பி வைத்தார். புத்தகத்துப் படத்தில் இருந்தது போலவே இருந்தது. தொப்பியை எடுத்துக் கீழே வைத்தார். நான் குனிந்தேன்.

பெரியப்பா குனிந்தார்.

அது நாங்கள் வகுப்பில் செய்த மாதிரி இல்லை. குதிகால்கள் ஒட்டின. விரல்கள் கால்சராயின் தையலோடு ஒட்டின. அந்தத் தென்னைமரம் இடுப்பில் மடிந்து, முதுகு பலகைபோல் தட்டையாக, என் காகிதப் பட்டையின் உயரத்துக்கு இறங்கியது. அறை முழுக்க ஆ என்றது. தெருவில் யாருக்கும் வளையாத முதுகு எனக்காக வளைந்திருக்கிறது! பெருமையில் எனக்குக் காது அடைத்துக்கொண்டது.

விருந்தாளி நிமிரும்வரை நான் நிமிரக் கூடாது. அவர் நிமிரவில்லை. முதுகு வலிக்க ஆரம்பித்தது. பஞ்சுப் பூ நழுவி விழுந்தது. யாரோ கிளுக்கென்று சிரித்தார்கள், பிறகு அதுவும் அடங்கியது. நான் கண்ணை மட்டும் உயர்த்திப் பார்த்தேன். பெரியப்பாவின் கண்கள் திறந்து, பாயில் ஒரே இடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தன. மூக்கு நுனியிலிருந்து வேர்வை சொட்டிப் பாயில் வட்டமாக நனைந்திருந்தது. என்னோடு போட்டி போடுகிறார் என்றுதான் நினைத்தேன். ஆனால் இதற்கு மேல் என்னால் முடியாது.

"பெரியப்பா, போதும். எழுந்திருங்க" என்று கிசுகிசுத்தேன்.

சொன்ன மறுநொடி நிமிர்ந்தார். அதற்குப் பிறகு நானும் நிமிர்ந்தேன். எல்லோரும் கைதட்டினார்கள். டீச்சர் மட்டும் தட்டவில்லை. கிட்டே வந்து தாழ்ந்த குரலில் கேட்டார்.

"ஐயா ஜப்பான் போயிருக்கீங்களா?"

"நான் போவலம்மா. அவங்கதான் வந்திருந்தாங்க. சைகோனுக்கு."

டீச்சரின் முகம் மாறியது. "மன்னிச்சிடுங்க ஐயா. எனக்குத் தெரியாது. வேணும்னா இதோட…"

"வேணாம்மா. பிள்ளைங்க நல்லா செய்றாங்க. நடக்கட்டும்."

அவர் வாசலில் குனிந்து உள்ளே வந்து பாயில் உட்கார்ந்தார். முருங்கை இலைத் தூளை வெந்நீரில் போட்டு மத்தால் கடைந்த பச்சைத் தேநீரைக் கொட்டாங்குச்சியில் ஊற்றி இரண்டு கையாலும் நீட்டினேன். அப்படி ஒரு கசப்பை மனிதர்கள் குடிக்க மாட்டார்கள். கோட்டுக்காரர் ஒரு வாயோடு சன்னல் பக்கம் நகர்ந்துவிட்டார். பெரியப்பா கடைசிவரை குடித்தார். பிறகு சிவப்புத் துணிப் படிகளைப் பார்த்தார்.

"இது என்னா? கொலுவா?"

"ஜப்பான் கொலு பெரியப்பா. பொம்பளப் பிள்ளைங்க நல்லா இருக்கணும்னு அவங்க அப்பா அம்மா வெப்பாங்களாம்."

"அவங்களுமா?" என்றார்.

காகிதச் சட்டை போட்ட மரப்பாச்சிகளையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். "அவங்க ஊட்லயும் பிள்ளைங்க இருந்திருக்கும் இல்ல" என்றார். என்னிடம் சொன்ன மாதிரி இல்லை. இதில் என்ன சந்தேகம், டீச்சர்தான் சொன்னாரே என்று நினைத்துக்கொண்டேன்.

மறுநாளே வகுப்பில் பெருமை அடித்துக்கொண்டேன். சைகோனில் எங்கள் பெரியப்பா வீட்டுக்கு ஜப்பான்காரர்கள் விருந்துக்கு வந்திருக்கிறார்கள், வணக்கம் சொல்ல அவர்களே நேரில் கற்றுக்கொடுத்தார்கள் என்று. அதற்கு முன்னால் வக்கீலின் கோட்டு எம்மாத்திரம்?

பள்ளிக்கூடத்தில் வீட்டைப் பிரித்துப் பாயைச் சுருட்டிவிட்டார்கள். பெஞ்சுகள் திரும்பி வந்தன. எனக்கு மட்டும் ஜப்பான் தீரவில்லை. சாயங்காலம் ஆனால் பெரியப்பா வீட்டுக்கு ஓடுவேன். வாசலில் நின்று குனிவேன். பேப்பரை வைத்துவிட்டு எழுந்து வந்து அவரும் குனிவார். நான் போதும் என்று சொன்னால்தான் நிமிர்வார்.

"உனக்கு வேற வெளையாட்டே இல்லியாடி?" என்று பெரியம்மா என் முதுகில் ஒன்று வைத்தாள். ஒருநாளும் அடிக்காதவள்.

"விடு. பாப்பா ஆடட்டும்" என்றார் பெரியப்பா.

ஆனால் எனக்கு அது சப்பென்று போக ஆரம்பித்தது. எப்போதும் நான் சொல்லி அவர் எழுந்தால் அது என்ன ஆட்டம்? ஒருநாள் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு சட்டம் போட்டேன்.

"இனிமே நான் சொல்ல மாட்டேன் பெரியப்பா. உங்களுக்கா எப்பத் தோணுதோ அப்ப எழுந்துக்கணும். அதான் ஆட்டம்."

"எனக்கா தோணினாவா?"

"ஆமா."

"சரி" என்றார்.

அன்று அவரால் முடியவில்லை. விளக்கு வைக்கும் நேரம் வந்துவிட்டது, அவர் அப்படியே இருந்தார். எனக்கு அழுகை வந்து, போதும் போதும் என்று நானே கத்திவிட்டேன். அடுத்த நாளும் அப்படித்தான். அதற்கடுத்த நாட்களில் அவர் தோள் லேசாக உயர்வதும், பிறகு சட்டென்று இன்னும் கீழே போவதுமாக இருந்தது. ஏமாற்றப் பார்க்கிறார் என்று உஷாராக இருந்தேன்.

எனக்குக் கல்யாணமாகி முதல் பிள்ளை பிறந்தபிறகு, பெரியப்பாவும் போய்ச் சேர்ந்தபின், ஒருநாள் முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டே பெரியம்மா சொன்னாள். சைகோன் ஜப்பான்காரன் கைக்குப் போனபோது இவர் மாதிரி ஆட்களைக் கொட்டடியில் அடைத்தானாம். காவல்காரன் வரும்போதெல்லாம் வரிசையாக நின்று குனியவேண்டுமாம். அவன் சொல்கிறவரை நிமிரக் கூடாதாம். "ஒரு நாளு இவரு பக்கத்துல இருந்தவரு, காரைக்கால்காரரு, சொல்றதுக்கு முன்னாடி நிமிர்ந்துட்டாராம்" என்றாள். முறத்தை மட்டும் இன்னும் கொஞ்ச நேரம் ஆட்டிக்கொண்டிருந்தாள், அதில் அரிசி இல்லாமல்.

இதெல்லாம் தெரியாத அந்த ஒன்பது வயதில், ஒரு சாயங்காலம் வழக்கம்போல் போய்க் குனிந்தேன். மழை விட்டிருந்த நேரம். ஓட்டிலிருந்து நீர் சொட்டிக்கொண்டிருந்தது. பெரியப்பா எதிரே வந்து குனிந்தார். அவருடைய வெறுங்கால் விரல்கள் தரையை அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்ததைப் பார்த்தேன். அப்புறம் அந்த விரல்கள் தளர்ந்தன. தலையைத் தூக்கிப் பார்த்தால், பெரியப்பா நேராக நின்றுகொண்டிருக்கிறார். நான் ஒன்றும் சொல்லவில்லை. அவராக நிமிர்ந்துவிட்டார்.

"தோத்துட்டீங்க! பெரியப்பா தோத்துட்டீங்க!" என்று குதித்தேன்.

அவர் வாசலை ஒருமுறை பார்த்தார். தெருவை ஒருமுறை பார்த்தார். அங்கே மழைத் தண்ணீரில் ஒரு நாய் நடந்து போய்க்கொண்டிருந்தது, வேறு யாரும் இல்லை. பிறகு சிரித்தார். பெரியப்பா சிரித்து நான் கேட்டதே இல்லை. அடிவயிற்றிலிருந்து வந்த சிரிப்பு, நிற்கவில்லை. "ஆமாம்மா, தோத்துட்டேன், தோத்துட்டேன்" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டு சொல்லிச் சொல்லிச் சிரித்தார். அடுப்படியிலிருந்து பெரியம்மா ஓடிவந்து, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அவரையே பார்த்து அழுதுகொண்டு நின்றாள்.

தோற்றவர் ஏன் இப்படிச் சிரிக்கிறார், ஜெயித்த என்னை விட்டுவிட்டுப் பெரியம்மா ஏன் அவரைப் பார்த்து அழுகிறாள் என்று எனக்கு விளங்கவில்லை. பெரியவர்கள் எப்போதும் இப்படித்தான். இன்னொரு ஆட்டம் ஆடலாம் என்று மறுபடி குனிந்துகொண்டு, அவர் சிரித்து முடிக்கக் காத்திருந்தேன்.